பிரைட் ஸ்பாட்டுக்குக் கீழே எல்லா அடுக்கும் குழிகிறது: மடிப்பா, வாயுவா?

கேள்வி:
வணக்கம். வடகடலில் நெதர்லாந்துப் பகுதியின் எஃப்3 பிளாக் முப்பரிமாண நில அதிர்வுத் தரவை ஓப்பன்டெக்ட் மென்பொருளில் ஏற்றிப் பழகி வருகிறேன். 1987-இல் எடுத்த சர்வே, ஏறக்குறைய 16 × 24 கி.மீ. மேல்பகுதியில், 500 மில்லிநொடியை (எதிரொலி போய்வரும் நேரம்) ஒட்டி, ஒரு பிரைட் ஸ்பாட், அதாவது எதிரொலி மிக வலுவாக வரும் இடம், பளிச்சென்று தெரிகிறது. அதற்கு நேர் கீழே ஹொரைசன் (ஓர் அடுக்கின் எல்லைக்கோடு) வரைந்தால் கிண்ணம் போலக் குழிகிறது. இன்னும் ஆழத்தில் வரைந்தாலும் அதே குழி. நிஜமான மடிப்பா, நான் பிக் செய்ததில் (அந்த எல்லையைக் குறித்ததில்) தவறா? இரண்டு நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
ஏஜிசி (எதிரொலியின் வீச்சை, அதாவது வலிமையை, தானாகச் சமன்செய்யும் வசதி) போட்டிருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள். பலவீனமான எதிரொலியையும் அது தூக்கிக் காட்டும். அப்புறம் வீச்சை நம்பி எதுவும் சொல்ல முடியாது.

பதில் 2:
பிக்கில் தவறில்லை என்றே நினைக்கிறேன். நீங்கள் பார்ப்பது நேரம், ஆழம் அல்ல. மணலின் துளைகளில் நீருக்குப் பதில் வாயு இருந்தால் பி அலை (ஒலி போன்ற அழுத்த அலை) மெதுவாகும். உதாரணமாக 20 மீ. தடிமன் மணல்: நீரோடு நொடிக்கு 2000 மீ. வேகம் என்றால் போய்வர 20 மில்லிநொடி, வாயுவோடு 1600 மீ. என்றால் 25. அந்த 5 மில்லிநொடித் தாமதம் கீழே உள்ள ஒவ்வொரு அடுக்கிலும் தெரியும். குழியின் ஓரமும் பிரைட் ஸ்பாட்டின் ஓரமும் ஒரே இடத்தில் விழுகின்றனவா? மடிப்பு அப்படி ஓரம் பார்த்து நிற்காது.

கேட்டவர்:
ஏஜிசியை எடுத்துவிட்டேன், பிரைட் ஸ்பாட் அப்படியே இருக்கிறது. ஓரங்களும் கச்சிதமாகப் பொருந்துகின்றன! பிரைட் ஸ்பாட்டின் அடியில் படுக்கையாக ஒரு கோடு, சாய்ந்த அடுக்குகளை வெட்டிப் போகிறது. அதன் போலாரிட்டி (எதிரொலி அலை மேடாக வருகிறதா, பள்ளமாக வருகிறதா என்பது) மேல்விளிம்புக்கு நேர் எதிர். சரி, இதை வாயுத் தேக்கம் என்று குறித்துக் கொள்ளளவு போடலாமா?

பதில் 2:
அந்தக் கோடு ஃபிளாட் ஸ்பாட், வாயுவும் நீரும் சந்திக்கும் மட்டம். அங்கே போலாரிட்டி மாறத்தான் வேண்டும். வாயு என்று தயங்காமல் குறியுங்கள். இந்தப் பகுதியில் நுண்ணுயிர்கள் உண்டாக்கிய மேலோட்டமான வாயு புதிதல்ல.

கொள்ளளவு மட்டும் வேண்டாம். துளைகளில் சில சதவீதம் வாயு இருந்தாலே, வாயு நிறைந்த தேக்கத்தில் குறைவது போல வேகம் குறைந்துவிடும், அதனால் பளிச்சும் ஏறக்குறைய அதே அளவு வரும். எவ்வளவு வாயு என்பதை அடர்த்திதான் படிப்படியாகக் காட்டும். அடர்த்தியைப் பிரித்தெடுக்க ஸ்டாக் செய்யாத (பதிவுகளை ஒன்றாகக் கூட்டாத), அகன்ற ஆஃப்செட் (அதிர்வு மூலத்துக்கும் ஏற்பிக்கும் இடையே உள்ள தூரம்) கொண்ட தரவு வேண்டும், அப்போதும் கடினம். இப்போதைக்கு ஃபிளாட் ஸ்பாட்டின் எல்லையை வரைபடமாக்குங்கள், ஆழத்துக்கு மாற்றும்போது வாயு மணலுக்குத் தனி வேகம் கொடுங்கள். கிண்ணம் நிமிர்ந்துவிடும்.