இணைக்கற்றைக்கு எந்த லேசர் வாங்கலாம்? வெளிச்சம் சீராக விழவில்லை

பௌதிகன்21:
வணக்கம். எம்.எஸ்சி. புராஜெக்டுக்காகக் கண்ணாடித் தகடுகள் எவ்வளவு சமதளம் என்று குறுக்கீட்டுப் பட்டைகளை (ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது விழும் வெளிச்ச, இருட்டுக் கோடுகள்) வைத்துப் பார்க்கிறேன். 20 மி.மீ. விட்டத்துக்குச் சீரான இணைக்கற்றை (விரியாமலும் குவியாமலும் செல்லும் ஒளி) வேண்டும். இப்போதைய 650 நானோமீட்டர் சிவப்பு டயோடை லென்ஸ் வைத்து விரித்தால் நீள்வட்டமாக விழுகிறது, உள்ளே ஒரே வளையங்கள். பச்சை பாயிண்டர் வாங்கட்டுமா?

லென்ஸ்கிறுக்கன்:
பச்சை வேண்டாம் தம்பி. வட்டமாக வரும்தான். ஆனால் மலிவு ரகம் சூடேறச் சூடேற மோடு தாவும் (அலைநீளம் திடீர் திடீரென மாறும்), பட்டைகளும் கூடவே ஆடும். 1064 நானோமீட்டர் அகச்சிவப்பைத்தான் உள்ளே 532 பச்சையாக்குகிறார்கள். வடிகட்டி இல்லாவிட்டால் மிச்ச அகச்சிவப்பும் வெளியே வரும், கண் பத்திரம். நீள்வட்டம் டயோடின் இயல்பு. ஒளி வெளிவரும் வாய் ஒரு திசையில் மிகக் குறுகல், அந்தத் திசையில்தான் அதிகம் விரியும். வளையங்கள் பெரும்பாலும் தூசி. துறை அலமாரியில் பழைய ஹீலியம்-நியான் குழாய் கிடக்கிறதா என்று கேளுங்கள், 1 மில்லிவாட் போதும்.

பௌதிகன்21:
இருக்கிறது அண்ணா, போட்டும் பார்த்தேன். வட்டம் சரி. ஆனால் நடுவில் பளிச், ஓரம் மங்கல். குழாய் போய்விட்டதா?

கற்றைக்காரர்:
குழாய் நன்றாகவே இருக்கிறது. அது காஸியன் பரவல் (நடுவில் அதிகம், ஓரம் போகப் போகக் குறையும் வெளிச்சம்), நல்ல லேசர் அப்படித்தான் இருக்கும். வேண்டியதைவிடப் பல மடங்கு விரித்து, நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். 0.8 மி.மீ. கற்றை, 40 மடங்கு ஆப்ஜெக்டிவ் (நுண்ணோக்கி லென்ஸ், குவியத்தூரம் சுமார் 4 மி.மீ.), எதிரே 500 மி.மீ. குவியத்தூர லென்ஸ் என்றால் கற்றை 100 மி.மீ. அகலமாகும். அதன் நடு 20 மி.மீ.யில் ஓரத்து வெளிச்சம் 8 சதவீதம்தான் குறையும். ஒளியில் பெரும்பகுதி வீண்தான், போகட்டும். ஆப்ஜெக்டிவின் குவியத்தில் 5 மைக்ரான் பின்ஹோல் (நுண்துளையிட்ட தகடு) வைத்தால் தூசி வளையங்களும் போய்விடும்.

பௌதிகன்21:
பின்ஹோலில் ஒளியே நுழையவில்லை! இணையாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கற்றைக்காரர்:
நேராகக் குவியத்தில் வைத்துத் தேடாதீர்கள், கிடைக்காது. சற்றுத் தள்ளி வைத்து, மங்கலாக ஒளி தெரிந்ததும் பக்கவாட்டில் சரிசெய்து, கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள். அப்புறம் லென்ஸுக்கு எதிரே நல்ல சமதள ஆடி ஒன்றை வைத்து, கற்றையைத் திருப்பியனுப்புங்கள். திரும்பிவரும் புள்ளி பின்ஹோல் தகட்டின் மேலேயே மிகச் சிறியதாகக் குவியும்வரை லென்ஸை முன்பின் நகர்த்துங்கள்; அப்படிக் குவிந்தால் கற்றை இணையாகிவிட்டது என்று அர்த்தம். புள்ளியைத் துளைக்கு ஒட்டிப் பக்கத்தில் விழவிட்டால் பார்க்கச் சுலபம்.