தம்பிக்குப் பார்த்த வரன்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். தம்பிக்குப் பெண் பார்த்தோம், இரண்டு வீட்டுக்கும் பிடித்துவிட்டது. பெண்ணின் அப்பாவும் சித்தப்பாவும் தற்கொலையில் இறந்தவர்கள் என்று தெரிந்ததும் அம்மா ஜாதகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். "உனக்கென்னடி தெரியும், ரத்தத்துல ஓடுறது இது, நாளைக்குப் பேரப்பிள்ளைக்கும் வரும்" என்கிறார். (பத்துப் பொருத்தம் பார்த்த ஜோசியரிடம் இத்தனை கேள்வி கேட்கவில்லை.)

படித்துப் பார்த்ததில், மரபுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது. இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கை ஏறக்குறைய 30 முதல் 55 சதவீதம் என்கின்றன. டென்மார்க்கில், தற்கொலையில் இறந்த தத்துப்பிள்ளைகளை ஆராய்ந்தபோதும் பெற்ற வழி உறவினரிடையேதான் தற்கொலை கூடுதலாக இருந்தது. ஆனால் அந்தச் சதவீதம் மக்களிடையே உள்ள வேறுபாட்டைப் பற்றியது. இந்தப் பெண்ணுக்கு இத்தனை வாய்ப்பு என்று அர்த்தம் இல்லை. இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது, ரத்தத்தைச் சோதித்துச் சொல்லவும் முடியாது. இப்படிப்பட்ட குடும்பங்களிலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். மனச்சோர்வு, குடி போன்றவற்றுக்குச் சிகிச்சையும் இருக்கிறது. அம்மாவுக்கு இதைப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிறது.

மதுரைப் பக்கம் குடும்பத்தோடு உட்கார்ந்து பேசக்கூடிய மனநல மருத்துவர் யாராவது இருக்கிறார்களா? இப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தம் செய்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள். பெண் வீட்டாரை நோகடிக்கும் கமெண்ட் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். அப்புறம், இதைப் படித்து யாருக்காவது மனசு பாரமானால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்பாக்ஸில் எழுதினாலும் சரி. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண் வீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.