தொட்டால் பழைய கதை தெரிகிற பெண், பதினோராம் வகுப்பை எப்படிக் கடப்பாள்?

கோட்டையூர் டீச்சர்:
பதினான்கு வருடமாக வேதியியல் நடத்துகிறேன். இப்போதுதான் முதல் கதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாயகி உமையாள், பதினோராம் வகுப்பு. எதைக் கையால் தொட்டாலும், அதை முன்பு வைத்திருந்தவர்களுக்கு நடந்ததெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிடும்.

வீட்டுப் பகுதி தானாக ஓடுகிறது. செட்டிநாட்டு வீட்டில் பழசுக்கா பஞ்சம்? விலாசம் வெட்டிய பித்தளைக் குடத்தைத் தூக்கினால் அப்பத்தாவின் கல்யாணம். அலமாரியில் துருப்பிடித்த ஒரு சாவி. எடுத்தால், 1942இல் ரங்கூன் கடையைப் பூட்டிவிட்டுக் காட்டுவழியே நடந்து வந்தவரின் கால் கொப்புளம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அவள் போகவே மாட்டாள். பிரித்த வீடுகளின் சாமான்கள் அங்கே கடை கடையாகக் கிடக்கின்றன.

பள்ளிக்கூடத்தில்தான் சிக்கல். காம்பஸ் முனையால் தலைமுறை தலைமுறையாகப் பெயர் வெட்டிய பெஞ்சில் எப்படிக் கை வைப்பாள்? உப்புப் பகுப்பாய்வுக்கு எத்தனையோ பேர் பிடித்த சோதனைக்குழாய் வேறு. இதைத் தோழிகளிடம் எப்படி மறைக்கிறாள் என்று மூன்று அத்தியாயம் எழுதிக் கிழித்துவிட்டேன். எங்கே பிசகுகிறது?

பள்ளத்தூர்க்காரன்:
டீச்சர், மறைக்கிறாள் என்பதுதான் பிசகு. நம் ஊரில் எதை, யாரிடம் மறைப்பது? ஒரே வாரத்தில் ஆச்சி கண்டுபிடித்து, சாமி வந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலில் செருப்பு குவியும். தொலைந்த தோடு, தட்டிப்போகிற வரன், பங்காளிகளின் பாகப்பிரிவினை.

எங்கள் தெருவில் எனக்கு அக்கா முறை ஒருத்தி பத்தாம் வகுப்பில் சாமியாடினாள். நிஜமா, நடிப்பா என்று நான் கேட்டதில்லை. கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரிகூட எலுமிச்சம்பழத்தோடு இரண்டு பேர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்குப் பரீட்சை ஆயிற்றே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. உமையாளுக்குத் தொல்லை தோழிகள் அல்ல, பெரியம்மாக்கள்.

சித்தர் நெறி:
அட்டமாசித்திகளைத் திருமூலர் திருமந்திரத்தில் விரிவாகப் பாடியிருக்கிறார். அவை யோகத்தால் கைகூடுபவை. தவம் செய்யாத பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது எப்படி வாய்க்கும்?

கோட்டையூர் டீச்சர்:
ஐயா, அவள் தவம் செய்யவில்லை. டியூஷன் போகிறாள்.

சீப்புச்சீடை:
நான் பன்னிரண்டாம் வகுப்பு. முதல் கேள்வி: பரீட்சைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா? கணக்கு சாரின் சாக்பீஸைத் தொட்டால் அவர் காலையில் வீட்டில் போட்ட சண்டை தெரியும், விடை தெரியாது. அப்படியே எழுதுங்கள் டீச்சர், பாவம் அவள்.

இன்னொன்று. பதினோராம் வகுப்பில் அரசு இலவச சைக்கிள் கொடுக்கிறதே, அது புத்தம்புதிது. அதற்கு முன்கதை கிடையாது. கைப்பிடியைப் பிடித்தால் அவளுக்கு ஒன்றுமே தெரியாது. நானாக இருந்தால் அதைக் கட்டிக்கொண்டே தூங்குவேன்.

ஆத்தங்குடிக் கல்:
கை மட்டுமா, காலுமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள் அம்மா. எங்கள் ஊர்த் தரைக்கல் சூளையில் வேகாதது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறோம். அத்தனையும் கைவேலை. காலுக்கும் தெரியுமென்றால் முற்றத்தைச் சுற்றிய வளவைக் கடப்பதற்குள் எங்கள் ஆட்கள் இருபது பேரின் முதுகுவலி அவளுக்கு வந்துவிடும்.

கோட்டையூர் டீச்சர்:
கை மட்டும்தான் அண்ணே. உங்கள் ஆட்கள் பிழைத்தார்கள்.

பள்ளத்தூர்த் தம்பிக்கு நன்றி. பெஞ்சு, சோதனைக்குழாய் எல்லாம் பிறகு வரட்டும். முதல் அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், முகப்பில் பதினொரு ஜோடி செருப்பு. உள்ளே ஆச்சி விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடுகிறார். மறுநாள் வேதியியல் தேர்வு. நம் வீடுகளுக்குத்தான் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிறதே. உமையாள் புத்தகத்தைக் கேரியரில் வைத்து, மணி அடிக்காமல் சைக்கிளைப் பின்கட்டு வழியாகத் தள்ளிக்கொண்டு போகிறாள்.