மறு: "ஒன் அண்ட் டன்" - ஓராண்டோடியா, ஓராண்டரா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். எக்காலத்துக்கும் பெரிய கூடைப்பந்து ஆட்டக்காரர் ஜோர்டனா லெப்ரானா என்று இழையின் நடுவில் மூண்ட சண்டையைத் தாண்டி, "ஒன் அண்ட் டன்" என்பதற்குக் கேட்ட தமிழ்ச் சொல்லுக்கு வருகிறேன். அந்தச் சண்டையை முழுக்கத் தாண்டவும் முடியாது. ஏன் என்பது கீழே தெரியும்.

இடையில் சேர்ந்தவர்களுக்காக ஒரு வரி: அமெரிக்கக் கல்லூரியில் ஒரே வருஷம் கூடைப்பந்து ஆடிவிட்டு என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீகுக்குப் போகிற ஆட்டக்காரரைத்தான் அங்கே "ஒன் அண்ட் டன்" என்கிறார்கள்.

> இடைநின்ற ஆட்டக்காரர் எனலாமே. இடைநிற்றல் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல்.

ஐயா, புழக்கத்தில் இருப்பதுதான் சிக்கல். நம் கல்வித் துறை அறிக்கைகளில் இடைநிற்றல் என்றால் வறுமையாலோ, வேலைக்குப் போக வேண்டியிருந்ததாலோ, சீக்கிரம் கல்யாணம் செய்துவைத்ததாலோ படிப்பு அறுந்துபோன பிள்ளை. டிராஃப்டில் (என்.பி.ஏ. அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் ஆளாகப் பெயர் வாசிக்கப்பட்டு, கோடிகளில் ஒப்பந்தம் போடப் போகிறவருக்கும் அதே சொல்லா? இரண்டு பேருக்குமே அது பொருந்தாது. தவிர, ஜோர்டனும் வட கரோலினா கல்லூரியில் மூன்று வருஷம் ஆடிவிட்டு 1984-ல் பட்டம் வாங்காமல்தான் கிளம்பினார். பிறகு 1986-ல் புவியியலில் பட்டம் முடித்தார். அவரையும், டியூக் கல்லூரியில் ஒரே வருஷம் இருந்த கைரி இர்விங்கையும் ஒரே கூடையில் போடுகிற சொல் நமக்கு உதவாது.

> ஓராண்டோடி! நாடோடி, முன்னோடி மாதிரி. தலைப்புக்கும் கச்சிதம்.

தம்பி, ஓசை அருமை. ஆனால் முன்னோடியை விட ஓடுகாலிதான் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது. பையன் கல்லூரியைக் கைவிட்டு ஓடிவிட்டான் என்ற பழி அதில் ஒட்டிக்கொள்கிறது. நடந்தது வேறு.

பழைய விதிப்படி, பள்ளி முடித்து நான்கு வருஷம் ஆகாமல் என்.பி.ஏ.வில் கால் வைக்க முடியாது. வில்ட் சேம்பர்லினுக்கு 1958-லேயே கேன்சஸ் கல்லூரி ஆட்டம் போதும் என்றாகிவிட்டது. லீகில் கதவு மூடியிருந்ததால் ஒரு வருஷம் ஹார்லம் குளோப்டிராட்டர்ஸ் குழுவோடு ஊர் ஊராகப் போய் ஆடினார். ஸ்பென்சர் ஹேவுட் என்ற ஆட்டக்காரர் வழக்குப் போட்டு, 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்ற பிறகே அந்தக் கதவு திறந்தது. 1995-ல் கெவின் கார்னெட், 1996-ல் கோபி பிரையன்ட், 2003-ல் லெப்ரான் எல்லாரும் பள்ளியிலிருந்து நேரே வந்தவர்கள்.

2005-ல் லீகும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட ஒப்பந்தம் கதவைப் பாதி சாத்தியது. டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைய வேண்டும், அமெரிக்கப் பிள்ளை என்றால் பள்ளி முடித்து ஒரு வருஷம் கழிந்திருக்க வேண்டும். 2006 டிராஃப்டிலிருந்து இதுதான் நடைமுறை. ஆக, 18 வயதிலேயே தயாராக இருந்தவரை ஒரு வருஷம் காக்க வைத்தது லீகின் விதி. அந்த வருஷத்தில் அரங்கை நிரப்பிக் காசு பார்த்தவை கல்லூரிகள். பெயரையும் படத்தையும் வைத்து ஆட்டக்காரர் சம்பாதிக்க, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அனுமதித்ததே 2021 ஜூலையில்தான்.

டியூக்கில் ஆடிய சயான் வில்லியம்சனை நினைத்துப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் டியூக் - வட கரோலினா ஆட்டம், பார்வையாளர் வரிசையில் ஒபாமா. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. காலை ஊன்றித் திரும்பினார், ஷூ கிழிந்து பாதம் வெளியே வந்துவிட்டது, முழங்கால் பிசகியது. சம்பளமில்லாத ஆட்டத்தில் வாழ்நாள் சம்பாத்தியத்தையே இழந்திருக்கக் கூடும். அவரைப் போய் "ஓடி" என்பதா? ஓடவும் விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அதனால் என் ஓட்டு ஓராண்டர் என்பதற்கு. பழியும் இல்லை, பாராட்டும் இல்லை; எத்தனை ஆண்டு என்று மட்டும் சொல்கிறது. சொல் இத்தோடு நிற்கவும் இல்லை. ஓராண்டர், ஈராண்டர், மூவாண்டர், நாலாண்டர் என்று வரிசையாகக் கிளைக்கிறது. மிச்சிகன் ஸ்டேட் கல்லூரிக்கு 1979-ல் தேசியக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிய மேஜிக் ஜான்சன் ஈராண்டர். ஜோர்டனும் டேவிட்சனின் ஸ்டெஃப் கரியும் மூவாண்டர்கள். வேக் ஃபாரஸ்டில் 1997 வரை இருந்து படிப்பை முடித்துக்கொண்டு வந்த டிம் டங்கன் நாலாண்டர். எக்காலத்துக்கும் பெரியவர் யார் என்று நீங்கள் அடித்துக்கொள்ளும்போது பாதி வாதம் "அவன் கல்லூரியில் அடிப்படை கற்றவன், இவன் கற்காதவன்" என்றுதானே போகிறது? அந்த வாதத்துக்கு இந்த வரிசை கைகொடுக்கும். வாதம் சரியா என்பது வேறு விஷயம். ஓராண்டர்களில் எம்.வி.பி. (என்.பி.ஏ.வின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவர்களைப் பாருங்கள்: ரோஸ் 2011, துரண்ட் 2014, எம்பீட் 2023, ஷாய் 2025. என்னைக் கேட்டால் "அடிப்படை கற்றவன்" வாதம் அங்கேயே நொண்டுகிறது.

> முதலாண்டு மாணவருக்கும் ஓராண்டருக்கும் குழப்பம் வராதா?

வராது, அம்மா. முதலாண்டு மாணவர் என்பது அன்றைய நிலை. ஓராண்டர் என்பது கிளம்பிய பிறகு கிடைக்கும் பெயர். 1982 இறுதிப் போட்டியில் ஜார்ஜ்டவுனுக்கு எதிராக வெற்றிக் கூடையைப் போட்டபோது ஜோர்டன் முதலாண்டு மாணவர், ஆனால் ஓராண்டர் அல்லர். விதி வரும் முன்பே 2003-ல் சிரக்யூசுக்குக் கோப்பை வென்று கொடுத்துவிட்டுப் போன கார்மெலோ ஆந்தனியும் இந்தச் சொல்லில் அடங்குகிறார். "விதிக்காலர்" என்று வந்த இன்னொரு பரிந்துரையில் அவர் வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

"ஆண்டவர்" போல ஒலிக்கிறதே என்று ஒருவர் கிண்டல் செய்திருந்தார். ஒலிக்கட்டுமே. 2012 இறுதிப் போட்டியில் கென்டக்கியின் ஆந்தனி டேவிஸ் பத்து முறை எறிந்து ஒன்றுதான் கூடையில் விழுந்தது, மொத்தமே 6 புள்ளி. ஆனால் 16 ரீபவுண்டு (தவறிய பந்தைப் பிடிப்பது), 6 பிளாக் (எதிரணி எறிந்ததைத் தடுப்பது). கேன்சஸ் 67-59 என்று தோற்றது, தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது டேவிஸுக்கு. ஓராண்டு வந்து ஆண்டவர் என்று அவரைச் சொன்னால் யார் மறுப்பார்கள்!

ஒரு சிக்கலை மட்டும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். எண்ணுவது கல்லூரியில் இருந்த ஆண்டையா, ஆடிய ஆண்டையா? 1972 வரை முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் பிரதான அணியில் ஆட முடியாது. யூ.சி.எல்.ஏ.வில் கரீம் அப்துல் ஜபார் (அன்று லூ அல்சிண்டர்) இருந்தது நான்கு ஆண்டு, பிரதான அணிக்கு ஆடியது மூன்று, மூன்றிலும் கோப்பை. அந்த முதல் ஆண்டு வீணாகவும் போகவில்லை. 1965 நவம்பரில் அவருடைய முதலாண்டுப் பையன்கள், முந்தைய இரண்டு ஆண்டும் தேசியக் கோப்பை வென்றிருந்த தங்கள் கல்லூரியின் பெரிய அணியையே 75-60 என்று அடித்தார்கள். மறுபுறம் கைரி இர்விங் டியூக்கில் காயத்தால் ஆடியது 11 ஆட்டம்தான். அவரை ஓராண்டர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே இருந்த ஆண்டை எண்ணுவோம். கரீம் நாலாண்டர்.

நம் சொல் பட்டியலில் இப்படிப் பதியப் பரிந்துரைக்கிறேன்: ஆட்டக்காரருக்கு ஓராண்டர், 2005 ஒப்பந்தத்தின் விதிக்கு ஓராண்டு விதி.

லெப்ரான், கோபி வகையறாவுக்குச் சொல் இன்னும் அமையவில்லை. நேர்வரவர் என்று எழுதிப் பார்த்தேன், பல்லில் சிக்குகிறது. "பள்ளிநேரர்" அதைவிட மோசம். கல்லூரி என்பதே வழியில் இல்லாமல் ஐரோப்பாவிலிருந்து வந்த யோகிச்சும் யானிசும் வேறு இருக்கிறார்கள். அவர்களையும் லெப்ரானோடு சேர்ப்பதா, தனியாக வைப்பதா என்பதையும் சொல்லுங்கள். ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் மேலே உள்ள இரண்டையும் ஏற்றிவிடுகிறேன்.

அன்புடன்,
இழை தொகுப்பாளன்