கடைசி வண்டி போன நான்காம் நாள்: டச்சு ரயில்வேக்காரர்கள் துரோகிகளா?

பவானிக்கூடல்:
சாலோ முல்லரைப் பற்றிப் படித்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. அயாக்ஸ் கால்பந்து அணியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தவர். யூதர்களான அவருடைய பெற்றோரை நாஜிகள் நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பிக் கொன்றார்கள். ஜெர்மன் எல்லை வரை வண்டியை ஓட்டியது டச்சு ரயில்வே. அதற்குக் கட்டணமும் வாங்கியது. முல்லர் விடாமல் போராடிய பிறகு, 2018-இல்தான் இழப்பீடு தர அந்த நிறுவனம் முன்வந்தது. என் அப்பா ஈரோடு சந்திப்பில் கார்டாக இருந்தவர். அவர் பிடித்ததைப் போன்ற பச்சைக் கொடியை அங்கேயும் ஒருவர் அசைத்திருப்பார். அவர் துரோகியா?

போத்தனூர் லோகோ:
அந்தச் சொல்லை அவ்வளவு சுலபமாக எடுக்காதீர்கள் அம்மணி. 1940 மே 14-இல் ராட்டர்டாம் நகரம் ஜெர்மன் குண்டுவீச்சில் எரிந்தது, மறுநாள் நாடே சரணடைந்தது. ராணியும் அமைச்சர்களும் லண்டனுக்குப் போய்விட்டார்கள். பிள்ளைகுட்டிகளோடு ஊரில் மாட்டிக்கொண்டவன் டிரைவர். டூட்டிக்கு வா என்றால் வரவேண்டும், வராவிட்டால் முகாம். நியூவஸ்கான்ஸ் என்ற எல்லை நிலையத்தில் வண்டியை ஜெர்மன் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு அவன் இறங்கிவிடுவான். அதற்கு அப்பால் நடந்ததை அவன் தலையில் கட்டுவது நியாயமா?

சென்னிமலை வாத்தியார்:
ஐயா, உங்கள் ரயில்வே அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் "வேறு வழி இல்லை" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 1941 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் 400-க்கும் மேற்பட்ட யூத இளைஞர்களைத் தெருவில் வைத்துப் பிடித்துப்போனார்கள். அதை எதிர்த்து 25-ஆம் தேதி டிராம் தொழிலாளர்கள் வண்டியை வெளியே எடுக்கவில்லை. ஊரே நின்றது. அவர்களுக்கும் பிள்ளைகுட்டிகள் இருந்தார்கள்.

போத்தனூர் லோகோ:
இரண்டே நாளில் அதை அடக்கிவிட்டார்கள் வாத்தியார் ஐயா. வேலைநிறுத்தக்காரர்களில் மூன்று பேரை ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். அதைப் பார்த்த பிறகு 1942-இல் எவன் துணிவான்?

சென்னிமலை வாத்தியார்:
1944-இல் துணிந்தார்களே! செப்டம்பர் 17 அன்று லண்டனிலிருந்த அரசு வானொலியில் சொன்னது, சுமார் 30,000 ரயில்வேக்காரர்கள் வேலையை விட்டு இறங்கினார்கள். வெஸ்டர்போர்க்கிலிருந்து கடைசி வண்டி போனது செப்டம்பர் 13. நான்கே நாள் வித்தியாசம். 1942 ஜூலையிலிருந்து அதுவரை ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஏற்றிப் போயிருக்கிறார்கள். நேச நாட்டுப் படைக்கு உதவ நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, பக்கத்து வீட்டுக் குழந்தைக்காக நிறுத்தத் தெரியவில்லை. இந்த ஒன்றுதான் எனக்குத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஓடாநிலை வாசகர்:
நம் பக்கத்தில் துரோகி என்றதும் சின்னமலையைக் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் சமையல்காரர்தான் நினைவுக்கு வருவார். 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கு, அதற்குக் காரணமாக ஒரு முகம். சிறுவயது முதல் அப்படிக் கேட்டே வளர்ந்துவிட்டோம். இங்கே அப்படி ஒரு முகம் கிடையாது. அட்டவணை போட்டவர், பாயிண்ட் மாற்றியவர், பில் எழுதியவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. முகாமுக்குள்ளேயே தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்! டிரைவரை விடுங்கள், அதற்குக் கையெழுத்துப் போட்ட நிர்வாகத்தை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

போத்தனூர் லோகோ:
நிர்வாகத்துக்காக நான் பேசவில்லை. தொழிலாளிக்காகப் பேசுகிறேன். 1974 மே மாத ரயில்வே வேலைநிறுத்தத்தில் நானும் இறங்கினேன். இருபது நாள். மளிகைக்கடைக்காரர் கடனுக்கு அரிசி கொடுத்திராவிட்டால் ஐந்தாம் நாளே என் மனைவி என்னை டூட்டிக்கு அனுப்பியிருப்பாள். 1944-இல் அந்த 30,000 குடும்பங்களுக்கும் அப்படி ஒரு கை இருந்தது. வால்ராவன் வான் ஹால் என்ற வங்கியாளர் ரகசியமாக நிதி திரட்டி அவர்களுக்குச் சம்பளம் சேர்த்தார். 1945 பிப்ரவரியில் அவரையும் சுட்டுக் கொன்றார்கள். 1942-இல் ரயில்வேக்காரனுக்கு அந்தத் துணை இல்லை, வண்டியை நிறுத்தச் சொல்லி லண்டனிலிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. இன்னொன்றையும் பாருங்கள். 1944-இல் நிறுத்தியதும் ஜெர்மானியர்கள் தங்கள் ஆட்களைக் கொண்டுவந்து தங்களுக்கு வேண்டிய வண்டிகளை ஓட்டிக்கொண்டார்கள். ஊருக்கு உணவு போவதைத் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலப் பஞ்சத்தில் 20,000 பேர் செத்தார்கள்.

பவானிக்கூடல்:
அந்தப் பஞ்சத்துக்குப் பயந்து யாரும் 1944 வேலைநிறுத்தத்தைத் தவறு என்று சொல்வதில்லையே ஐயா? தங்கள் நாட்டுக்காக என்றால் அந்த விலை சரி, யூதர்களுக்காக என்றால் அதிகமா?

சென்னிமலை வாத்தியார்:
இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். ஐயா, வருத்தப்படாமல் சொல்லுங்கள். நீங்கள் அந்த வண்டியை எடுத்திருப்பீர்களா?

போத்தனூர் லோகோ:
இரவு முழுவதும் யோசித்துவிட்டு எழுதுகிறேன். முதல் வண்டியை எடுத்திருப்பேன். "வேலைக்குக் கூட்டிப்போகிறோம்" என்று சொல்லியிருப்பார்கள், நம்பியிருப்பேன். ஆனால் வாராவாரம் அதே தடத்தில் ஓட்டுகிறவனுக்கு ஒன்று தெரியாமல் போகாது. ஆட்களை அடைத்துக்கொண்டு போன பெட்டிகள் காலியாகவே திரும்பி வருகின்றன. கிழவர்களையும் கைக்குழந்தைகளையும் ஏற்றிப் போகிறோம், ஒருவர்கூடத் திரும்பி வருவதில்லை. நான்காவது, ஐந்தாவது வண்டிக்குள் எனக்கு விளங்கியிருக்கும். விளங்கிய பிறகும் எடுத்திருப்பேனா என்று கேட்டால், என் மூத்த மகளுக்கு 1974-இல் எட்டு மாதம். அவள் முகம்தான் முன்னால் வருகிறது. இல்லை என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை வாத்தியார் ஐயா.