நாவலடிச் சனம்: சிமுலேஷனில் ஓடினால் போதுமா, தேடவும் வேண்டுமா?

வாவிக்கரையான்:
சுனாமி எச்சரிக்கை வந்தால் மட்டக்களப்புக் கடலோரத்து நாவலடியிலிருந்து கல்லடிப் பாலம் வரை சனம் எப்படி வெளியேறும் என்று கணினியில் ஒரு சிமுலேஷன் செய்கிறேன். காணொளியைப் போட்டிருக்கிறேன். 1995இல் ஆய்வாளர்கள் ஹெல்பிங்கும் மோல்னாரும் சொன்ன சமூக விசை முறைதான்: போகுமிடம் ஆளை இழுக்கும், பக்கத்தில் வருபவரும் சுவரும் தள்ளும். நெரிசல் தானாக உருவாகிறது. இதற்கு மேல் இவர்களுக்கு மனம் எதற்கு? வீதி அகலம்தான் கேள்வி.

பாடுமீன்:
அண்ணன், காணொளியில் எல்லோரும் ஒரே நொடியில் பாலத்தை நோக்கித் திரும்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று எனக்கு ஒன்பது வயது. அம்மா பாலத்துப் பக்கம் ஓடவில்லை. என்னைத் தேடிக் கடல் பக்கம் வந்தார். உங்கள் சனத்தில் அப்படி ஒருவரைக்கூடக் காணவில்லை.

நிரல்தம்பி:
சாட்ஜிபிடி போன்ற ஒரு மொழி மாதிரியை இணைக்கலாமே? ஸ்டான்ஃபோர்டும் கூகுளும் 2023இல் அப்படிச் செய்த கணினிச் சிற்றூரில் 25 பாத்திரங்கள் ஞாபகம் வைத்து, திட்டம் போட்டு வாழ்ந்தன. காதலர் தின விருந்து வைக்கும் எண்ணத்தை ஒரு பாத்திரத்துக்குக் கொடுத்தார்கள். அழைப்பு வாய்வழியாகவே பரவியது.

வாவிக்கரையான்:
தம்பி, அது 25 பேர். எனக்கு 2,000 பேர் வேண்டும். என் மடிக்கணினி தாங்காது.

பாடுமீன்:
மொழி மாதிரி தேவையே இல்லை. ஷாவோ, டெர்சோபுலோஸ் என்ற ஆய்வாளர்கள் 2005இல் நியூயோர்க்கின் பழைய பென் ரயில் நிலையத்தைக் கணினியில் கட்டி, அதில் பாதசாரிகளை நடமாட விட்டார்கள். அசைவுக்கு மேல் பார்வை, அதற்கு மேல் நடத்தை, அறிவு என்று அடுக்கினார்கள், அவ்வளவுதான். நீங்கள் ஒவ்வொருவருக்கும் அவர் வீட்டு ஆட்கள் யார் யார் என்று கொடுங்கள். அவர்களைக் காணாமல் வெளிக்கிடக் கூடாது என்று ஒரு விதி வையுங்கள்.

வாவிக்கரையான்:
சரி, சேர்த்து ஓட்டினேன். எதிரே திரும்பி வருபவர்களால் வீதி முட்டிக்கொண்டது. நான் முன்பு கணக்கிட்ட நேரம் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் விதியும் பிழை. தாய் பிள்ளையைத் தேடிப் போகிறாள், பிள்ளை தாயைத் தேடி வீட்டுக்கு வருகிறது. இருவரும் கடைசிவரை வெளியேறவே இல்லை. இப்படி யார் செய்வார்கள்?

பாடுமீன்:
செய்தார்கள், அண்ணன். என் அம்மாவைத் திருப்பியது அயலவர் ஒருவர். "புள்ள சைக்கிள்ல ஏறிப் போயிட்டாள், நீ ஓடு" என்று கத்தினார். உங்கள் சனம் யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்வதில்லை. கண்டவர் கத்தட்டும். கேட்கும் தூரத்தில் நிற்பவருக்கு அது எட்டட்டும். அப்புறம் ஓட்டிப் பாருங்கள்.