தேயிலைத் தோட்டத்து நாள் சம்பளம் 1750 ரூபா பற்றி ஒரு கேள்வி கேட்டேன், ரெண்டு பக்கமும் அடிக்கிறாங்க. இனி எழுதுறதா, விட்டுடுறதா?

ஹட்டன் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் டவுன்ல ஒரு பார்மசியில வேலை செய்றேன். அம்மா 31 வருஷமா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போறாங்க, இப்பவும் போறாங்க. அப்பா சாகுற வரைக்கும் தோட்டத்துல தொழிற்சங்கத் தலைவரா இருந்தவர். வால்பிடி, கைக்கூலின்னு எனக்குக் கிடைச்ச பட்டங்கள் பொருந்துமான்னு நீங்களே பார்த்துக்கத்தான் இதைச் சொல்றேன்.

நம்ம தோட்டத்து வட்ஸ்அப் குறூப்ல ஒருத்தர் 1750ஐ 25 நாளால பெருக்கி, 43,750ன்னு சிவப்பு எழுத்துல போட்டிருந்தார். அதுக்குக் கீழ நான் எழுதினது இதுதான்: "சம்பளம் கூடினது நல்ல விஷயம். கம்பனி 1550, வருகைக்கு அரசாங்கம் 200, ரெண்டையும் வரவேற்கிறேன். ஆனா முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ கொழுந்து, மாசத்துக்கு எத்தனை நாள் வேலைங்கிறதைச் சேர்த்துப் பேசாட்டி 43,750 யார் கைக்கும் வராது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிட்டுப் புதுசா நடாம இந்தச் சம்பளம் எத்தனை வருஷத்துக்கு நிலைக்கும்?"

பத்து நிமிஷம் ஆகல. அரசாங்கத்துக்கு வோட்டுப் போட்டவங்க, "இத்தனை வருஷம் சங்கம் ஏமாத்தினப்ப எங்க போயிருந்த? சங்கத்துக்கு வால் பிடிக்கிறான்"னு ஆரம்பிச்சாங்க. சங்கத்து ஆளுங்க, "தேயிலை கிழடாப் போச்சுன்னு கம்பனிக்காரன்தான் சொல்லுவான், இவன் கைக்கூலி"ன்னாங்க. ஒருத்தருக்கொருத்தர் மூஞ்சி கொடுத்துப் பேசாதவங்க, என்னைத் திட்டுறதுல மட்டும் ஒண்ணாச் சேர்ந்துக்கிட்டாங்க. அப்பாவோட கூடப்பிறந்த சித்தப்பா, "உங்கப்பன் பேரைக் கெடுக்காத"ன்னு எழுதினார். தைப்பூசத்தன்னைக்குக் கோயில்ல விபூதித் தட்டை நீட்டினேன். பார்க்காத மாதிரித் திரும்பிக்கிட்டார். அதைத்தான் என்னால தாங்க முடியல.

மதில் மேல் பூனைன்னும் சொல்றாங்க. பூனை எந்தப் பக்கம் குதிக்கலாம்னு பார்த்துக்கிட்டு இருக்கும். நான் எதையும் பார்த்துக்கிட்டு இல்ல. சம்பளம் கூடணும், கிலோ குறையணும், மலையைப் புதுப்பிக்கணும். மூணுமே எனக்கு உறுதியான கருத்து. இதுல ஒண்ணு ஒரு பக்கத்துக்கும் இன்னொண்ணு மத்தப் பக்கத்துக்கும் பிடிக்காமப் போனா, அது எப்படி என் குத்தமாகும்?

இப்படி மாட்டிக்கிட்டவங்க இருந்தா, நீங்க என்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்க.

மஸ்கெலியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

மகன், 2021 மார்ச்சில ஆயிரம் ரூபா வந்தப்ப இதே அடி எனக்கும் விழுந்திச்சு. அடிப்படை 900, மேல 100. எங்க பக்கம் பட்டாசு வெடிச்சாங்க. கொஞ்ச நாள்ல 16 கிலோ கேட்ட இடத்துல 18, 20ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதே வருஷம்தான் இரசாயன உரத்தையும் நிறுத்தினாங்க. உரம் காணாத மலையில 20 கிலோ எங்கயிருந்து வரும்? இதைக் கேட்டதுக்கு நான் ஆயிரம் ரூபாவையே எதிர்க்கிறேன்னு பேஸ்புக்ல பரப்பினாங்க. 2024லயும் பாத்தோமே, மே தினத்துக்கு 1700ன்னாங்க, விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு, செப்டெம்பர்ல 1350ஆ வந்திச்சு. ஆளாளுக்குத் தனக்குத் தோதான பாதியை மட்டும் பிடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டாங்க.

சித்தப்பா மேல கோபப்படுறதுக்கு முன்ன ஒண்ணு யோசிங்க. 1948ல மலையகத் தமிழரான நம்ம குடியுரிமையைப் பறிச்சாங்க. 1964ல இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுப் பிரதமர்மாரும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கன்னு பங்கு பிரிச்சாங்க. மிச்சம் ஒண்ணரை இலட்சம் பேரைப் பத்திப் பிறகு பேசலாம்னு விட்டாங்க. நம்மள ஒரு வார்த்தை கேட்கல. என் சின்ன வயசுல எங்க லயத்துல பக்கத்து வீட்டுக் காம்பராவே பூட்டிக் கிடந்தது, அந்தக் குடும்பம் தலைமன்னார்ல கப்பல் ஏறிப் போயிருந்தாங்க. அப்படி அடிபட்ட சனம், ஒத்துமையா நின்னதாலதான் கொஞ்சமாவது கிடைச்சதுன்னு நம்புது. நடுவுல ஒருத்தன் கேள்வி கேட்டா வேலியில ஓட்டை விழுந்த மாதிரித்தான் அவங்களுக்குத் தெரியும். அந்தப் பயம் நியாயமானது. அதுக்காக உங்க கேள்வி பிழையாயிடாது.

சித்தப்பாவை நேர்ல போய்ப் பாருங்க. போன்ல எழுதி அவரைத் திருப்ப முடியாது.

கொழும்பு புறக்கோட்டையில இருந்து:

நான் மூணு குறூப்ல இருந்தும் வெளிய வந்துட்டேன் மச்சான். கடையில 12 மணித்தியாலம் நின்னுட்டு ராத்திரியில இதைப் படிச்சா தூக்கம் போகுது. நிம்மதிதான். ஆனா ஊர்ல என்ன நடக்குதுன்னும் இப்ப தெரியாது.

லிந்துலை, கொழுந்து எடுக்கிறவ:

தம்பி, எனக்கு உங்க மேல கொஞ்சம் கோபம்தான். டவுன்ல இருந்துக்கிட்டு "கம்பனி எத்தனை வருஷம் கொடுக்கும்"னு கேட்டா எங்களுக்கு வயிறு எரியும். 1992ல 22 கம்பனி தோட்டங்களைப் பாரமெடுத்தாங்க. அப்ப நான் பிள்ளை. இன்னைக்கு எனக்கு முதுகு வளைஞ்சிருச்சு, நான் கொழுந்து எடுக்கிற மலையில ஒரு புதுக் கன்னும் காணல. புதுசா நடாதது யார் பிழை? அதைச் சொல்லாம விட்டுட்டு மலை கிழடுன்னு மட்டும் சொன்னா, கேக்கிறவங்களுக்குக் கம்பனிக் கணக்காத்தான் தெரியும்.

ஆனா கிலோவைப் பத்தி நீங்க கேட்டது சரி. நாங்க வாயால சொல்லி யாரும் கேக்கல. அம்மாவோட சம்பளச் சிட்டை வீட்டுல இருக்குமே? கருத்து சொல்றதை நிறுத்திட்டு அதைப் போடுங்க. அதைப் பாத்துட்டு யார் உங்களைக் கைக்கூலிங்கிறான்னு பார்ப்போம்.

ஹட்டன் பொடியன்:

அக்கா, நீங்க சொன்னது உறைச்சிச்சு. யார் நடாம விட்டதுன்னு நான் எழுதவே இல்ல. அந்த வரியைப் படிச்சவங்களுக்கு அப்படித் தோணினதுல பிழை இல்லன்னு இப்ப விளங்குது. குறூப்லயும் அதைச் சொல்லப் போறேன்.

சேர், ஞாயித்துக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போனேன். முதல்ல பேசல. சித்தி தேத்தண்ணி கொண்டாந்து வச்சாங்க. அம்மாவோட சிட்டையை மேசையில விரிச்சு வச்சேன். 22 நாள் மலைக்குப் போயிருக்காங்க. முழுப்பேர் 15, மத்த 7 நாளும் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். சேமலாப நிதி, சந்தா, தீபாவளி அட்வான்ஸ், தேயிலைத்தூள் எல்லாம் கழிச்சு கைக்கு வந்தது 22,000 சொச்சம். சித்தப்பா கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரியா விரலை வச்சுப் பார்த்தார். அரைப்பேர் இருந்த இடத்துல விரல் நின்னிருச்சு. "அண்ணன் இருந்திருந்தா ஒஃபிஸ் வாசல்ல போய் நின்னிருப்பான்"னார். நான் சொன்னதை ஒத்துக்கிட்டாருன்னு சொல்ல மாட்டேன். மலையைப் புதுப்பிக்கிற பேச்சு இன்னும் அவருக்குப் பிடிக்கல. வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

குறூப்ல போடவான்னு அம்மாகிட்டக் கேட்டேன். விரல்ல சுத்தியிருந்த பிளாஸ்டரைப் பிரிச்சுக்கிட்டே கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. கறை ஏறின வெடிப்புக்குள்ள தேங்காயெண்ணெய் தடவினாங்க. பிறகு, "பேரையும் நம்பரையும் மறைச்சுட்டுப் போடு. மழை நாள்ல கொழுந்துல ஒட்டின தண்ணிக்குன்னு ரெண்டு கிலோ கழிக்கிறது சிட்டையில வராது, அதையும் எழுது"ன்னாங்க.